மருந்துப் பொறுப்பாளரின் பழனி யாத்திரை

இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவது என்று முடிவு செய்தேன். பக்தி என்று வீட்டில் சொன்னேன். முருகனிடமும் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரைப் பொங்கல்.

தைப்பூசச் சமயத்தில் திண்டுக்கல்லிலிருந்து பழனிவரை சாலையோரம் பந்தல் பந்தலாக அன்னதானம் நடக்கும். ஒரு பந்தலில் கேசரி. கொஞ்சம் தள்ளிப் புளியோதரை. அதைத் தாண்டினால் சுக்குக் காப்பி. நடந்து போகிறவன் கேட்கக்கூட வேண்டியதில்லை. ஓடி வந்து கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும். "முருகன் பிரசாதம் சாமி, மறுக்கக் கூடாது." மறுக்கக் கூடாது! இப்படி ஒரு சட்டம் வேறு எந்த நெடுஞ்சாலையிலும் அமலில் இல்லை.

எங்கள் வீட்டில் அமலில் இருப்பது இதற்கு நேர் எதிரான சட்டம். நான் சுருளிவேல். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி நாகஜோதி ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூத்த நர்ஸ். எனக்கு ரத்தத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்த நாளிலேயே அடுப்படியில் சர்க்கரை டப்பா இடம் மாறியது. கண்டுபிடித்தேன். மறுபடியும் மாறியது. திண்டுக்கல் நாகல் நகரில் எங்களுடையது ஒன்றும் அரண்மனை அல்ல. இருந்தும் அந்த டப்பாவைத் தேடுவதில் நான் செலவிட்ட உழைப்பை அகழாய்வில் செலவிட்டிருந்தால் பாண்டியர் காலத்து ஊர் ஒன்றாவது கிடைத்திருக்கும்.

ஜோதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் எந்த நோயாளியிடமும் "புரிஞ்சுதா?" என்று கேட்கமாட்டாள். "அப்படிக் கேட்டா எல்லாரும் நல்லாத் தலையாட்டுவாங்க" என்பாள். சொல்லும்போது என் தலையைப் பார்ப்பாள். அது முப்பது வருடமாக ஆடிக்கொண்டிருக்கும் தலை. வீட்டுக்குக் கிளம்பும் நோயாளியை உட்கார வைத்து, எந்த மாத்திரை எதற்கு, எப்போது போடுவது, மறந்துபோனால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்கங்க. நீங்க சொல்லிக் குடுங்க" என்று கையைக் கட்டிக்கொள்வாள். அவர் தன் வாயால், தன் பேச்சில், தப்பில்லாமல் சொல்ல வேண்டும். அதுவரை வாசலில் ஆட்டோ நிற்கும். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தால் அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பாள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு பெரியவர். "இன்சுலினைப் பத்திரமா வைங்க" என்று அவரிடம் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்ப் பத்திரமாகத்தான் வைத்தார். ஃபிரிட்ஜில் அல்ல. நகைகளோடு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் திருப்பூரில் இருக்கும் மகளிடம் கொடுத்துவிட்டார்.

சரி, யாத்திரைக்கு வருகிறேன். அன்றைக்கு ஜோதி சோற்றுக்கு வெஞ்சனமாகப் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருக்கும்போது பேசக் கூடாதுதான். ஆனால் துணிந்துவிட்டேன்.

"ஜோதி, இந்த வருஷம் பழனிக்கு நடந்து போலாம்னு இருக்கேன்."

"யாரு?"

"நான்தான்."

"முக்குக் கடையில பால் வாங்கவே வண்டிய எடுக்கிற ஆளு."

"அது லௌகீகம். இது ஆன்மிகம்."

"எந்தப் பந்தல்ல என்ன போடுவாங்கன்னு பொன்னுத்துரை அண்ணன்கிட்ட விசாரிச்சீங்களாமே. அதுவும் ஆன்மிகமா?"

பொன்னுத்துரை பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். வருடா வருடம் எங்கள் தெருக்காரர்களைத் திரட்டிப் பழனிக்கு நடத்திக் கூட்டிப் போகும் குருசாமி. அவரிடம் சொன்ன ரகசியம் மல்லிகை வாசம் மாதிரி. பொட்டலம் கட்டினாலும் தெருவுக்கே தெரியும்.

"யாத்திரை போறவன் பாதையைத் தெரிஞ்சு வச்சுக்கணும்" என்றேன்.

"மாத்திரை?"

"மாலை போட்டாச்சுன்னா விரதம். விரதத்துல மாத்திரை எல்லாம் எப்படி…"

"மாலைய உங்க கழுத்துல மட்டும் போட்டீங்களா, இல்ல கணையத்துக்கும் போட்டு விட்டீங்களா?"

அடுத்து பெரிய போர் மூளும் என்று எதிர்பார்த்தேன். பாதயாத்திரையின் வரலாறு, உண்ணாநோன்பின் உடலியல், கணவனின் உரிமைகள் என்று மூன்று தலைப்பில் வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஜோதி புடலங்காயை வழித்துச் சட்டியில் போட்டுவிட்டு, "சரி, போய்ட்டு வாங்க" என்றாள்.

அவ்வளவுதான். கதவைத் தள்ளப் போனவன், அது திறந்தே இருந்ததால் உள்ளே போய் விழுந்த மாதிரி இருந்தது.

"நெசமாவா?"

"டாக்டர்கிட்ட நாளைக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். அப்புறம் இன்னொண்ணு. அண்ணனோட குழுவுல பாதிப் பேருக்குச் சுகரு, பிரஷரு. மாத்திரை விஷயத்தைப் பாத்துக்க விவரமான ஆளு ஒருத்தர் வேணும்னாரு. படிச்சவரா இருக்கணும், எடுத்துச் சொல்லத் தெரியணும்னாரு. உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

"ஊம். பதவிக்குப் பேரு ஏதாச்சும்?"

"மருந்துப் பொறுப்பாளர்னு வச்சுக்கங்களேன்."

வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மருந்துப் பொறுப்பாளர். நன்றாகத்தான் இருந்தது. "நீயும் கூட வரலாமே" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

"எனக்கு டூட்டி இருக்குங்க" என்றாள். முருகனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் டாக்டர், நடக்கிற நாட்களுக்குச் சர்க்கரை மாத்திரை பாதி போதும் என்றார். பாதி! எனக்கு அது அவமானமாக இருந்தது. பந்தல்களின் பிரம்மாண்டம் தெரியாத மனிதர். ஜோதி ஒவ்வொரு நாளைக்கும் ஒரு பொட்டலமாக அரை மாத்திரையை மடித்து, மேலே கிழமையை எழுதினாள். பிறகு என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். நடை அதிகமானால் உடம்பு தானே சர்க்கரையைச் செலவழிக்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம், பேச்சில் குழறல் இதெல்லாம் சர்க்கரை இறங்குவதற்கு அடையாளம். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சோதிக்க வேண்டும், பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தொடக் கூடாது.

"இப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

சொன்னேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்துச் சொன்னேன். இடையில் கணையம் என்ற சொல் எப்படி வந்தது என்பதையும் சேர்த்தேன். ஜோதி முழுவதும் கேட்டாள். தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "சொல்லத் தெரியுது" என்றாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பொன்னுத்துரை கடை மாடியில் என் வகுப்பு. முன் வரிசையில் இரண்டு பேர். ஒருவர் பொன்னழகு, சந்தையில் வெங்காயம் விற்கிற அக்கா. இன்னொருவர் அழகுராஜா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இருவருக்கும் சர்க்கரை. இருவருக்கும் அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இப்படிப்பட்ட மாணவர்கள் கிடைக்க ஒருவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"சாரு, எனக்குக் காலையில வெள்ளை, ராத்திரிக்கு ரோஸு. அம்புட்டுத்தான் தெரியும். நெறத்தைப் பாத்துப் போட்டா போதும்ல?" என்றார் பொன்னழகு.

"கூடவே கூடாது அக்கா. கம்பெனி மாறினா நிறம் மாறும். அட்டையில உள்ள பேரைப் பாக்கணும்."

"காலையில மறந்துட்டோம்னு வைங்க" என்றார் அழகுராஜா. "ராத்திரி ரெண்டாச் சேத்துப் போட்டா என்ன? ஒரு டிரிப்பு கேன்சல்னா அடுத்த பஸ்ஸுல ரெண்டு டிரிப்பு ஆளையும் ஏத்துறோம்ல?"

"ஏத்துனா என்னாகும்?"

"படியில தொங்குவாங்க."

"தொங்கினா?"

"கீழ விழுவாங்க."

"உடம்பும் அப்படித்தான்."

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் பொன்னுத்துரை ஒரு கேள்வி கேட்டார். "சார், முன்னால ஒரு பெரிய விருந்து இருக்குன்னு தெரியுது. ஒரு மாத்திரை கூடப் போட்டு ரெடியா இருந்துக்கிட்டா நல்லதுதானே?"

சிரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அறியாமையைச் சந்தித்ததில்லை. விருந்து தாமதமானால் என்ன ஆகும், கூடுதல் மாத்திரை உள்ளே போய் என்னென்ன செய்யும் என்று விரிவாக விளக்கினேன். எல்லோரையும் திரும்பச் சொல்ல வைத்தேன். பொன்னழகு தப்புத் தப்பாகச் சொன்னார். அவருக்காக அதையே மூன்று முறை விளக்க வேண்டியதாயிற்று. "இம்புட்டு விவரமா யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல சாரு" என்றார். வீட்டுக்குத் தரையில் கால் படாமல்தான் போனேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். பச்சை வேட்டி, தோளில் மருந்துப் பை, முன்னால் சாலை. முப்பது வருடத்தில் முதன்முறையாக ஜோதியின் பார்வைக்கு வெளியே நடக்கிறேன்.

முதல் பந்தலிலேயே கேசரி. ஆவி பறந்தது. முந்திரி கண்ணடித்தது. கையை நீட்டினேன்.

"சாரு, அது உங்களுக்கு ஆகுமா?" என்றார் பொன்னழகு.

குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கை பாதி வழியில் நின்றது.

"உங்களுக்குக் காட்டத்தான் அக்கா எடுத்தேன். இதைத்தான் சாப்பிடக் கூடாது" என்றேன். இரண்டாவது பந்தலில் பாயசம். அழகுராஜா பக்கத்தில் வந்து நின்றார். "சார் எவ்வளவு எடுக்கிறாருன்னு பாத்துட்டு, அதே அளவு நானும் எடுத்துக்கிறேன்." ஒரு கரண்டி நுனியில் தொட்டுக்கொண்டேன். அவரும் தொட்டுக்கொண்டார். பதவி என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் விளங்கிவிட்டது. அன்று முழுவதும் நான் சாப்பிட்டது இட்லி, சுண்டல், மோர். இதற்கு நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அங்கே மின்விசிறியாவது உண்டு.

மறுநாள் காலை தங்கியிருந்த மண்டபத்தில் ஒரு செய்தி வந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு காய்கறி வியாபாரியின் பந்தல். அண்டாவில் சர்க்கரைப் பொங்கல். நெய்யில் பொங்கலா, பொங்கலில் நெய்யா என்று பார்த்தவர்களுக்கே குழப்பமாம்.

திட்டம் உடனே உருவானது. குழு காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெதுவாகக் கிளம்பும். நான் முன்னால் போய்விட வேண்டும். அவர்கள் வருவதற்குள் விருந்தை முடித்துவிட்டுத் திருநீறோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இட்லி சாப்ட்டுப் போங்க சாரு" என்றார் பொன்னழகு.

"வழியில பாத்துக்கிறேன் அக்கா. போய் இடம் பாக்குறேன்." வயிற்றில் இடம் வேண்டாமா? இட்லியைப் போட்டு அடைத்துவிட்டால் பொங்கல் எங்கே போகும்?

சாலைக்கு வந்ததும் மருந்துப் பையைத் திறந்தேன். அன்றைய பொட்டலத்தைப் பிரித்தேன். அரை மாத்திரை. அண்டாப் பொங்கலுக்கு அரை மாத்திரை எந்த மூலைக்கு? நாளைய பொட்டலம் பக்கத்திலேயே இருந்தது. நாளைக்கு நான் விரதமாக இருந்துவிட்டால் அது வீண்தானே? ஆகவே நாளையதை அட்வான்சாக எடுத்துக்கொண்டேன். மறுநாளையதும் தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறது? அதையும் போட்டுக்கொண்டேன். வகுப்பில் சொன்னது நினைவில்லையா என்று கேட்பீர்கள். நன்றாக நினைவிருந்தது. அது மாணவர்களுக்குச் சொன்னது.

வேகமாக நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பந்தலில் அண்டா மூடியிருந்தது. பச்சைத் துண்டு கட்டிய ஒருவர் வணங்கினார்.

"வாங்க சாமி, வந்து உக்காருங்க. பெரியவரு வந்து பூசை போட்டதும் எலை போட்டர்லாமுங்க."

"எப்ப வருவாரு?"

"கெளம்பிட்டாருங்க."

"எங்க இருந்து?"

"கோயமுத்தூர்ல இருந்துங்க."

உட்கார்ந்தேன். அண்டாவுக்கு நேர் எதிரே. மூடியின் ஓரத்தில் நெய் வாசம் கசிந்தது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. கொஞ்ச நேரத்தில் அந்த ஒலிபெருக்கி மேல் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. பிறகு வியர்த்தது. தை மாதக் காலையில் சட்டை நனைந்தது. நெஞ்சு படபடத்தது. கைகள் நடுங்கத் தொடங்கின. அண்டா இரண்டாகத் தெரிந்தது.

நான் நிறையப் படித்தவன். இந்த அறிகுறிகளை எல்லாம் ஏற்கனவே படித்திருக்கிறேன். மெய் நடுங்கல். நாத் தழுதழுத்தல். உடல் வியர்த்தல். பக்தி நூல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது! பொங்கலுக்காக வந்த எனக்கே முருகன் அருள் பாலிக்கப் போகிறான் என்று புல்லரித்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன். ஆடினேன்.

"சாமி வந்திருச்சுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மற்றதைக் குழுவினர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசினார்களாம். ஒருவர் உடுக்கை கொண்டு வந்தாராம். ஓர் அம்மாள் காலில் விழுந்து, "சாமி, எம் பொண்ணுக்கு எப்பங்க கண்ணாலம்?" என்று கேட்டாராம். நான் ஒரு நூலின் வரிசை எண்ணைச் சொன்னேனாம். அவர் அதைத் தேதி என்று நினைத்துக் குறித்துக்கொண்டாராம்.

அந்த நேரத்தில்தான் குழு வந்து சேர்ந்தது. பொன்னழகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க! சுகரு இறங்கிருச்சு!"

பச்சைத் துண்டுக்காரர் மறித்தார். "அக்கா, சாமி வந்தவங்களைத் தொடக் கூடாதுங்க!"

"என்ன சாமி?"

"முருகனுங்க."

"உங்க முருகன் என்ன கேக்குறாரு?"

"பொங்கலுங்க."

"அது முருகன் இல்லய்யா. எங்க சாரு."

சட்டையைத் தளர்த்தினார்கள். "சாரு, எம் பேரு என்ன? இந்தத் தண்ணிய முழுங்குங்க, பாப்போம்" என்று பொன்னழகு கேட்டதும், ஒரு வாய் விழுங்கியதும் மங்கலாக நினைவிருக்கிறது. அழகுராஜா குளுக்கோஸைக் கலக்கினார். பொன்னுத்துரை சுகர் மிஷினை எடுத்து என் விரலில் குத்தினார். எண்ணைப் பார்த்ததும் அழகுராஜா இன்னும் வேகமாகக் கலக்கினார். ஒருவர் கையும் பதறவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் குத்தினார்கள். பிறகு இட்லியை ஊட்டினார்கள். உலகம் மெல்ல ஒன்றாகச் சேர்ந்தது. அண்டாவும் ஒன்றாகியது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உயிர் பிழைத்ததில் அல்ல. "பாத்தீங்களா! நான் சொல்லிக் குடுத்ததை ஒண்ணு விடாம செஞ்சுட்டீங்களே!" என்றேன். குரல் தழுதழுத்தது, இந்தத் தடவை உண்மையாகவே.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களா?" என்றார் பொன்னழகு. "சாரு, நான் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கே சிஸ்டரு இதெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. தப்பில்லாம சொல்ற வரைக்கும் விடலையே. ஆட்டோக்காரன் பாதியில கெளம்பிப் போயிட்டான்."

"எனக்கு போன வருஷம்" என்றார் அழகுராஜா.

"அப்ப வகுப்புல ஒண்ணும் தெரியாதுன்னு…"

"சிஸ்டருதான் சொன்னாங்க. 'நான் சொன்னா உங்க சார் காதுல ஏறாது. அவரை விட்டே சொல்ல வைங்க. தெரியாத மாதிரி கேளுங்க, ரெண்டு மூணு தடவை கேளுங்க. வாயால சொன்னா மனசுல நிக்கும்'னாங்க."

"நின்னுச்சா சார்?" என்றார் அழகுராஜா. நல்ல மனிதர். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் பேச்சை மாற்றினேன். "எனக்கு இப்ப நல்லாயிருச்சு. நடக்கலாம். பெரியவர் வந்ததும் ஒரு வாய் பிரசாதம் மட்டும்…"

பொன்னுத்துரை அதற்குள் ஜோதியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"மாத்திரை எம்புட்டுப் போட்டாரு?" என்றது அவள் குரல்.

"அரை" என்றேன்.

"உங்களைக் கேக்கலை. அக்கா, பைய எடுத்துப் பாருங்க. எந்தெந்தக் கிழமைப் பொட்டலம் இருக்கு?"

பொன்னழகு பார்த்தார். சொன்னார். ஜோதி என்னைத் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அக்கா, நல்லாக் கேளுங்க. இப்ப ஏறியிருக்கிறது குளுக்கோஸால. மாத்திரை இன்னும் உள்ள வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். மறுபடியும் இறங்கும். நல்லாருக்கேன்னுவாரு, நம்பாதீங்க. நடக்க விடாதீங்க. தனியா விடாதீங்க. மறுபடி ஆடுனாருன்னா திரும்பக் குளுக்கோஸ் குடுங்க. இப்ப என்கிட்ட நீங்க திரும்பச் சொல்லுங்க."

பொன்னழகு ஒரு சொல் பிசகாமல் திரும்பச் சொன்னார்.

"வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

"பாவம், திண்டுக்கல்லில் இருந்து வரணும்" என்றேன். "அதுக்குள்ள பெரியவரே வந்துருவாரு." அண்டாவைப் பார்த்துக்கொண்டேன்.

பெரியவர் வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது. முன்சீட்டிலிருந்து ஜோதி சீருடையோடு இறங்கினாள்.

"டூட்டின்னியே?"

"டூட்டிதான். பாதயாத்திரை போறவங்களுக்கு எங்க ஆஸ்பத்திரி போட்ட முகாம், அடுத்த திருப்பத்துல இருக்கு. எங்கன்னு நீங்க கேக்கலையே."

என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். விரல்கள் இலேசாக நடுங்கின. என்னுடையவை அல்ல, அவளுடையவை. அவளுக்குச் சர்க்கரை கிடையாது. அதற்குமேல் எனக்குக் குனிந்துகொள்ளத்தான் தோன்றியது.

முகாமில் டாக்டர் பார்த்தார். மறுநாள் காலைவரை அங்கேயே இருக்க வேண்டும், அடிக்கடி சோதிக்க வேண்டும், வேளா வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்றார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சாலை. சாலையில் எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். என் குழுவும் கையசைத்துவிட்டுக் கிளம்பியது.

"அப்ப என் பாதயாத்திரை?" என்றேன்.

"நாளைக்குச் சுகரு நிலையா இருந்து டாக்டரும் சரின்னா, நடப்பீங்க. இல்லன்னா பஸ்ஸு. மலையடிவாரத்துக்குப் பஸ்ஸு போகுது. முருகன் டிக்கெட்டைக் கேக்க மாட்டாரு."

"மருந்துப் பொறுப்பாளர் பஸ்ல போனா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊர்ல என்ன பேசுவாங்களா? எந்திரிங்க. வெளிய காத்தாட உக்காரலாம்."

அவள் மனம் இரங்கிவிட்டது என்று நினைத்தேன். கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் முகாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். எதிரே பெஞ்சுகளில் காலுக்கு மருந்து போட்டுக்கொள்ள வந்த யாத்திரிகர்கள். காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள். பாதிப் பேர் மடியில் மாத்திரைப் பை இருந்தது. எல்லோரும் நெற்றி நிறையத் திருநீற்றோடு இருந்த என்னைப் பயபக்தியோடு பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார். நானும் கையை உயர்த்தி ஆசீர்வதித்தேன்.

ஜோதி என் தோளில் கையை வைத்தாள்.

"எல்லாரும் இவரை நல்லாப் பாத்துக்கங்க" என்று தொடங்கினாள்.

இட்லியில் தொடங்கி உடுக்கைவரை எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடுநடுவே, "கையைக் காட்டுங்க. இந்தக் கைதான் நடுங்குச்சு" என்றாள். காட்டினேன். ஓர் அம்மாள் எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லிப் போனார். சொல்லி முடித்ததும் ஜோதி கையைக் கட்டிக்கொண்டாள்.

"இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க."

அந்த அம்மாள்தான் எழுந்தார். "நாளைக்கு உள்ள மாத்திரையை இன்னைக்குப் போடக் கூடாது. போட்டுட்டுச் சாப்பிடாம நடக்கக் கூடாது. மேல வேர்த்துக் கை நடுங்குனா சாமின்னு நெனைக்கக் கூடாது, குளுக்கோஸைக் குடிக்கணும். இல்லன்னா இந்த ஐயா மாதிரி ஆயிரும்."

"சரியாச் சொன்னீங்க. நீங்க நடக்கலாம்" என்றாள் ஜோதி.

பெஞ்சுகள் காலியாயின. நானும் எழுந்தேன்.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க. அடுத்த கூட்டம் வருது, அவங்களுக்கு நான் யாரைக் காட்டுறது?"